அமத்துக்கும் அமுத்துக்கும் நடுவில்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எதிர் வீட்டுக்காரர் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன் என்று நம்பி, ஒருமுறை பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பால்காரரைப் பொறுத்தவரை நான் வேலை போனவன். மீசை நரைத்த ஆம்பளை பகலெல்லாம் கைலியோடு வீட்டில் இருந்தால் அவர் வேறு என்னதான் நினைப்பார்?

என் மனைவி மட்டும் சரியாகச் சொல்வாள். அவளுடைய பள்ளிக்கூடத்து டீச்சர்கள் கேட்டால் இப்படித்தான் விளக்குவாளாம்: "மிஷினு செய்யிறது ஒருத்தன். வாங்குறது ஒருத்தன். நடுவுல ஒக்காந்து எந்தப் பொத்தான் எதுக்குன்னு எழுதுறது இவரு. செய்யவும் தெரியாது, வாங்கவும் மாட்டாரு."

இதைவிட நன்றாக என்னாலேயே எழுத முடியாது. நான் கையேடு எழுதுகிறவன்.

போன வருஷம் எங்கள் கம்பெனி ஒரு கருவி செய்தது. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடம் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு வீட்டில், ஆளுக்கொரு மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருக்கும் சிலபேர், அவ்வளவுதான். அந்தக் கருவி செய்வது இது: செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் ஒன்றிடம் நாம் ஃபோனில் பேச்சாக ஒன்றைச் சொன்னால், எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு அது கட்டளை அனுப்பும். வேலை அங்கே நடக்கும். முடிந்ததும் நம்மிடம் வந்து சொல்லும். இதற்கு ஆங்கிலத்தில் ஒரு கையேடு, தமிழில் ஒரு கையேடு எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் தொட்டுப் பார்க்காத எதைப் பற்றியும் எனக்கு எழுத வராது. ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை உண்டாக்கிவிட்டு அழித்துப் பாருங்கள், அது போதும் என்றார்கள். ஃபைல் உண்டானாலும் எனக்கு ஒன்றுமில்லை, அழிந்தாலும் ஒன்றுமில்லை. நான் இங்கே சொன்னால் அங்கே ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அசைய வேண்டும். அப்போதுதான் மச்சானின் மோட்டார் ஞாபகம் வந்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். நாங்கள் இருக்கும் திண்டுக்கல்லுக்கு வெளியே, எரியோட்டுப் பக்கம் அவருக்குத் தோட்டம். மேட்டில் முருங்கை, அதற்குக் கீழே சின்ன வெங்காயம், ஓரத்தில் கிணறு. ஃபோனில் கூப்பிட்டால் மோட்டாரைப் போடுகிற பெட்டி ஒன்றை ஏற்கெனவே வைத்திருந்தார். அது என்ன கோளாறோ, இந்தியில்தான் பேசும். மச்சான் அதோடு தமிழில் சண்டை போடுவார். போன மழையில் அதுவும் ஊமையாகிவிட்டது. அந்த இடத்தில் எங்கள் கருவியை வைக்கலாமா என்று கேட்கப் போனேன்.

"ஏஜென்ட்டா?" என்றார் மச்சான். "வெங்காய மண்டி ஏஜென்ட்டையே நம்பாம தராசுப் பக்கத்துலயே நிக்கிறவன் நான். இவன் யாரு புதுசா? கமிஷன் எம்புட்டு?"

"கமிஷனே கெடையாது மச்சான். அது மனுசனே கெடையாது."

"அப்பன்னா சரி. வைய்யி."

ஆனால் என்னை அப்படியே விடவில்லை. வெங்காயப் பாத்திப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். தாள்கள் எல்லாம் பழுத்து மடிந்து கிடந்தன.

"இத நல்லாப் பாத்துக்க மாப்ள. இம்புட்டும் வெதைக்கு. திங்கக்கெழம ஆளு வந்து புடுங்குறாக. காய வச்சுப் பட்டறை போடணும். அதுவரைக்கும் இதுல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. ஈரம் பட்டுச்சு, பட்டறைக்குள்ளயே அழுகிரும். ஒண்ணு அழுகுனா பக்கத்துல இருக்குறதையும் இழுத்துக்கிட்டுப் போகும். அப்புறம் அடுத்த போகத்துக்கு நட வெங்காயம் இருக்காது. ஒன்னையத்தான் நடணும்."

பட்டறை என்பது காற்றுப் போக மூங்கில் படல் அடித்து, அதற்குள் வெங்காயத்தைக் கொட்டி மாதக்கணக்கில் வைத்திருப்பது. மச்சானின் அடுத்த போகம் முழுக்க அந்தப் படலுக்குள்தான் இருக்கப் போகிறது. ஒரே மோட்டார்தான் மேலே முருங்கைக்கும் தண்ணீர் பாய்ச்சுகிறது. முருங்கை நிரம்பிய பிறகும் மோட்டார் ஓடினால், வரப்பு தாண்டி நேராகக் கீழே வெங்காயத்துக்குத்தான் தண்ணீர் வரும். இதையும் சொன்னார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

எலக்ட்ரீஷியன் வந்து, சோப்பு டப்பா அளவு கம்ப்யூட்டர் ஒன்றை மோட்டார் ரூமில் மாட்டிவிட்டுப் போனார். கருவியின் உள்வேலையை எழுதிய புரோகிராமர் நெய்க்காரப்பட்டிக்காரர். பழனிப் பக்கத்து மரியாதை முழுவதும் அவர் பேச்சில் இருக்கும். அன்று சாயங்காலம் ஃபோனில் கேட்டார்:

"ஏனுங்க சார், உங்க பக்கத்துல மோட்டார ஓட்டறதுக்கும் நிறுத்தறதுக்கும் என்னென்ன வார்த்தைங்க சொல்லுவாங்க? எழுதி அனுப்புனீங்கன்னா அதுக்குப் பழக்கி உட்டர்றேனுங்க."

எனக்குக் கசக்குமா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஓட வைக்க: இயக்கு, போடு, ஓட விடு. கொஞ்சம் பேச்சுவழக்கும் வேண்டுமே என்று, பொத்தானை அழுத்துவதற்கு எங்கள் ஊரில் சொல்லும் 'அமுத்து' என்பதையும் சேர்த்தேன். நிறுத்த: நிறுத்து, அணை, ஆஃப் பண்ணு. எழுதி முடித்துவிட்டு, மக்கள் மொழியைக் கரைத்துக் குடித்தவன் போல ஒரு பெருமூச்சு வேறு விட்டேன்.

"வேலை முடிஞ்சா அது என்னங்க சார் சொல்லோணும்?"

"கட்டளை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது."

"அருமைங்க சார்," என்றார். எனக்கும் அருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை தோட்டத்திலேயே நின்று சோதித்தேன். "மோட்டாரை இயக்கு" என்றேன். கிணற்றடியில் மோட்டார் ஒரு இருமல் இருமிவிட்டு ஓடியது. "மோட்டாரை நிறுத்து" என்றேன். நின்றது. நான் சொல்லி ஒன்று உடனே நடப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்பதால், தேவையில்லாமல் இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தேன். பிறகு மச்சானின் ஃபோனில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே தமிழ்க் கையேட்டை முடித்து அனுப்பினேன். இயக்குவதற்கு ஒரு முழு அத்தியாயம். நிறுத்துவதற்கு ஒரு வரி.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் மாதா கோயிலில், காலமான என் மாமனாருக்கு வருஷப் பூசை. மச்சான் வெள்ளை வேட்டி சட்டையில் பைக்கில் வந்து இறங்கினார். அவர் வீட்டம்மா வரவில்லை. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"மாடு இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கிது மாப்ள. அதுக்குத் தொணைக்கு இருந்துட்டா."

"மோட்டாரு?"

"முருங்கைக்குப் போட்டுட்டுத்தான் வந்தேன். பூச முடியவும் அமத்திக்கிறலாம். அதான் ஒன் ஏஜென்ட்டு இருக்கானே."

அமத்திக்கிறலாம் என்ற அந்த வார்த்தையை அவர் என் காதருகே நின்றுதான் சொன்னார். அதற்காக என் காது ஒரு அங்குலம்கூட அசையவில்லை.

பூசை முடிந்து கோயில் வாசலில் சொந்தக்காரர்கள் கூடி நின்றோம். மச்சான் ஃபோனை வாய்க்கு நேராக, குச்சி ஐஸ் தின்கிற மாதிரி பிடித்துக்கொண்டார். "எல்லாரும் செத்த நேரம் சத்தம் போடாம இருங்க," என்றார். பிறகு ஃபோனைப் பார்த்து, "மோட்டார அமத்து."

ஒரு பெண் குரல் கணீரென்று சொன்னது: "கட்டளை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது."

"அம்புட்டுத்தான். எரியோட்டுல நின்னுருச்சு," என்றார் மச்சான்.

கூட்டம் வாய் பிளந்தது. ஒரு சித்தப்பா, "இத எழுதுனது நம்ம மாப்ளயா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுதியது கருவியை அல்ல, அதன் கையேட்டைத்தான் என்று திருத்தியிருக்கலாம். பூசை முடிந்த நல்ல நேரத்தில் பெரியவர்களோடு எதற்கு வாக்குவாதம் என்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து இட்லிக்கும் கறிக்குழம்புக்கும் முன்னால் உட்கார்ந்தோம். மச்சான் நாலாவது இட்லியைப் பிய்க்கும்போது ஃபோன் அடித்தது. அக்கா. கை குழம்பாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, மோட்டார அமத்தலியா இன்னும்?"

"அமத்தி எம்புட்டு நேரமாச்சு. கோயில்லயே அமத்திட்டேன்."

"அப்ப இங்க பாடிக்கிட்டு இருக்குறது யாரு?"

"பக்கத்துக் கெணத்து மோட்டாரா இருக்கும்டி."

"நம்ம மோட்டாரு ஒங்கள மாதிரி இருமிக்கிட்டே ஓடும். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? மாட்ட விட்டுட்டுத் தோட்டத்துக்கு ஓட முடியல. என்னான்னு பாருங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். "மாப்ள?"

"வெற்றிகரமாகன்னு சொல்லுச்சே மச்சான். நீங்களும் கேட்டீங்கள்ல," என்றேன். என் கருவிமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

என் மனைவி குழம்புக் கரண்டியோடு நின்றிருந்தாள். "வெற்றிகரமா எதை?" என்றாள்.

"கட்டளையை."

"எந்தக் கட்டளையை?"

அவ்வளவு அழகான வாக்கியத்தில் அதைத்தான் நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

மச்சான் அக்காவின் அழைப்பை வைக்காமலே, இடது கையால் ஃபோனில் கருவியைத் திறந்தார். "மோட்டார அமத்து." வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது என்றது. ஸ்பீக்கரில் அக்கா, "ஓடுது," என்றார். "அமத்து!" நிறைவேற்றப்பட்டது. "ஓடுது." "ஏலே, அமத்துலே!" என்று மச்சான் கத்தியதில் எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். அதுவும் வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது.

நான் என் ஃபோனில் நெய்க்காரப்பட்டியைப் பிடித்தேன்.

"சொல்லுங்க சார், சாப்ட்டீங்களா?"

"அமத்துன்னு சொன்னா ஏன் நிக்க மாட்டேங்குது?"

"என்னன்னுங்க சொன்னாங்க?"

"அமத்து."

"அமுத்துங்களா?"

"அமுத்து இல்ல. அமத்து!"

"அதேதானுங்களே சார். அமுத்துன்னா ஓட்டறதுன்னு நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க. அதுக்குத் தெரியாத வார்த்தை வந்துச்சுன்னா, கிட்டத்துல இருக்கற வார்த்தையா எடுத்துக்குமுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாங்க, அமத்துன்னா என்னங்க?" என்றார்.

"நிறுத்துறது. அணைக்கிறது."

"அப்படீங்களா! எங்கூர்ல அப்படிச் சொல்ல மாட்டமுங்க சார்."

அப்போதுதான் புரிந்தது. மச்சான் நிற்கச் சொல்லச் சொல்ல, அது ஓடச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரிடம் ஓடு என்றால் அதற்கு என்ன கஷ்டம்? ஓடிவிட்டது. அதுவும் வெற்றிகரமாக.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "பொழுதன்னைக்கும் 'லைட்ட அமத்து, ஃபேன அமத்து, கரண்டு பில்லு ஏறுது'ன்னு என் உசுர வாங்குறது இந்த மனுசன். எழுதச் சொன்னா மட்டும் அணையாம்ல, அணை! இந்த வீட்டுல என்னைக்காச்சும் எதையாச்சும் அணைச்சிருக்கீங்களா?"

அவள் அண்ணன் பக்கத்தில் இருந்ததால் இதற்கு நான் பதில் சொல்லவில்லை.

"மச்சான், நிறுத்துன்னு சொல்லுங்க. நின்னுரும்," என்றேன்.

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் எதுக்குலே மாத்திச் சொல்லணும்? எங்கப்பன் காலத்துலருந்து அமத்திக்கிட்டு இருக்கோம். எந்த மோட்டாரும் எதுத்துப் பேசுனதில்ல. இந்தச் சோப்பு டப்பாவுக்காக நான் பேச்ச மாத்தணுமா?"

"குடுங்க, நான் சொல்றேன்."

"என் மோட்டாருக்கு நான் சொல்லுவேன்!"

"வெங்காயம் மச்சான்!"

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மச்சான் எழுந்து நின்றார். கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில், ஒவ்வொரு எழுத்தாக, "மோட்டாரை நிறுத்து," என்றார்.

"கட்டளை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது."

அதே குரல், அதே வாக்கியம். நாங்கள் யாருமே நம்பவில்லை.

"ஏய், நல்லாக் கேளு. ஓடுதா?" என்றார் மச்சான். ஸ்பீக்கரில் முதலில் மாடு கத்தியது. பிறகு ஒன்றும் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு அக்கா சொன்னார்: "நின்னுருச்சு. மாதாவே."

கையைக் கழுவிவிட்டு மூன்று பேரும் கிளம்பினோம். மச்சான் பைக்கில் முன்னால், நானும் மனைவியும் ஸ்கூட்டரில் பின்னால். வழியெல்லாம் அடுத்த போகத்தில் என்னை எந்தப் பாத்தியில் நடுவார் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

முருங்கைக்கு அடியில் தண்ணீர் தளும்பி நின்றது. வரப்பில் ஓரிடம் உடைந்து, அங்கிருந்து தண்ணீர் வெங்காயத்துக்குள் இறங்கியிருந்தது. மேல் வரப்பை ஒட்டிய சில பாத்திகளில் மண் கறுத்துப் போயிருந்தது. அதற்கு அடுத்த பாத்திக்குள் தண்ணீர் கொஞ்சம் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றிருந்தது. அதற்குக் கீழே நிலம் முழுக்கக் காய்ந்து வெளுத்துக் கிடந்தது.

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காய்ந்த பக்கம் ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கினார். மாவாக உதிர்ந்தது. இன்னும் நாலு இடத்தில் எடுத்து நசுக்கினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தப்பிச்சோம்," என்றார்.

முதலில் உடைப்பை அடைத்தார். பிறகு, "நனைஞ்சத இப்பவே புடுங்கிரணும். ஈரம் கீழ எறங்கிரும்," என்று சொல்லிக்கொண்டே ஆரம்பித்துவிட்டார். என் மனைவி புதுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த பாத்தியில் இறங்கினாள். மாட்டை எட்டிப் பார்த்துக் கட்டிப்போட்டுவிட்டு அக்காவும் வந்தார். நான் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு சேற்றில் குனிந்தேன். தாளைப் பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வந்தது. வெங்காயம் உள்ளேயே இருந்துகொண்டது.

"அடியப் புடிச்சு இழுங்க தம்பி," என்றார் அக்கா.

"விடு, அவருக்குக் கையேடு இல்லாம வராது," என்றார் மச்சான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பில் அவர் கோபத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டு, இடுப்பைப் பிடித்தபடி வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பிடுங்கிக்கொண்டிருந்த மச்சான் திடீரென்று நிமிர்ந்தார்.

"ஏன் மாப்ள, ஒரு மோட்டார அமத்தணும்னாலும் செவப்புப் பொத்தான அமுத்தத்தான வேணும்?"

"ஆமா மச்சான்."

"அப்ப அது பாவம்ல. அமுத்துன்னு காதுல விழுந்துச்சு, அமுத்திருச்சு. பச்சையா செவப்பான்னு யாரு சொன்னா அதுக்கு?"

எனக்குக் கிடைக்காத மன்னிப்பு கருவிக்குக் கிடைத்துவிட்டது.

நனைந்த வெங்காயத்தைச் சாக்கில் கட்டி எங்கள் ஸ்கூட்டரில் ஏற்றினார்கள். "இது பட்டறைக்கு ஆகாது. ஏஜென்ட்டோட கமிஷன், எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார் மச்சான். வீட்டு மாடியில் கொட்டிக் காயவைத்தோம். அதன்பிறகு எங்கள் வீட்டில் சாம்பார், வத்தக்குழம்பு, வெங்காயச் சட்னி, மறுபடி சாம்பார். எதிர் வீட்டுக்கும் ஒரு பை கொடுத்தோம். எனக்கு என்ன தொழில் என்பதில் அவருக்கு இருந்த சந்தேகம் தீர்ந்தது. "வெல ஏறுற வரைக்கும் கட்டிப் போட்டுத்தான் விக்கணும் சார். அவசரப்படாதீங்க," என்று புத்தி சொன்னார். பால்காரருக்கும் கொடுத்தோம். வேலை போனவன் ஏதோ ஒரு தொழிலைப் பிடித்துவிட்டான் என்று அவருக்கும் சந்தோஷம்தான்.

திங்கட்கிழமை எரியோட்டில் ஆட்கள் வந்து காய்ந்த நிலத்து வெங்காயத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, நான் கையேட்டைத் திரும்ப வாங்கிப் பிரித்தேன். நிறுத்துவதற்கு ஒரு வரி என்றிருந்ததை ஒரு அத்தியாயமாக்கி, அதையே முன்னால் கொண்டுவந்து வைத்தேன். கட்டளை நிறைவேற்றப்பட்டது என்கிற அந்த அழகான வாக்கியத்தை, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு அடித்தேன். அந்த இடத்தில் 'மோட்டார் ஓடுகிறது', 'மோட்டார் நின்றுவிட்டது' என்று எழுதினேன். சொன்ன வார்த்தை தெரியாத வார்த்தையாக இருந்தால், கிட்டத்தில் இருப்பதைப் பிடித்துத் தொங்காமல் ஏஜென்ட் திருப்பிக் கேட்க வேண்டும் என்றும் சேர்க்கச் சொன்னேன்.

"செஞ்சு உட்டர்லாமுங்க," என்றார் நெய்க்காரப்பட்டிக்காரர். "இன்னும் வேற ஏதாச்சும் வார்த்தை இருக்குங்களா சார்? வீட்ல கேட்டுப் பாருங்க."

நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. யோசித்தால் எனக்கு அச்சில் ஏறின தமிழ்தான் வருகிறது. வீட்டில் சும்மா காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். மிக்சி ஓடும்போது மனைவி பக்கத்து அறையிலிருந்து, "அத அமத்தித் தொலைங்க," என்றாள். எழுதிக்கொண்டேன். டிவி சத்தத்துக்கு, "அதோட வாய மூடுங்க," என்றாள். எழுதிக்கொண்டேன். கேஸ் அடுப்புக்கு, "மூடிருங்க." அதையும் எழுதிக்கொண்டேன். நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னாலேயே திரிவதைப் பார்த்துவிட்டு, "இப்ப நீங்க கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள். அது ஏற்கெனவே இருந்தது.

வெங்காயம் பட்டறைக்குப் போய்ச் சில வாரம் கழித்து, மனைவியோடு எரியோட்டுக்குப் போனேன். மாடு கன்று போட்டு, அது தோட்டம் முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்தது. மச்சான் பட்டறைப் படலின் சந்துக்குள் கையை விட்டு ஒரு வெங்காயத்தை எடுத்தார். கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என் கையில் போட்டார். கல் மாதிரி இருந்தது. தோல் சருகாகச் சலசலத்தது. மூக்கருகே கொண்டுபோனால் அழுகல் வாடையே இல்லை.

"ஒண்ணுகூடப் போகல," என்றார். "நட்டுறலாம்."

"என்னையவா?"

"ஒன்னைய நட்டா மொளைக்காது மாப்ள. மொளைச்சாலும் எழுதிக்கிட்டே நிப்ப."

முருங்கைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. போதும் என்று பட்டதும் மச்சான் ஃபோனை எடுத்தார். கிணறு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. நடந்து போய்ப் பொத்தானை அமுத்தியே அமத்தியிருக்கலாம். ஆனாலும் ஃபோனிடம்தான் சொன்னார்.

"மோட்டார அமத்து."

"மோட்டாரை நிறுத்தவா?" என்று கேட்டது அந்தக் குரல். வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது, ஆனாலும் நிறுத்துவதற்கு முன்னால் எப்போதும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும் என்று நான்தான் வைக்கச் சொல்லியிருந்தேன்.

"பின்ன, கொஞ்சவா சொன்னேன்? நிறுத்து!"

"மோட்டார் நின்றுவிட்டது."

மச்சான் ஃபோனைப் பையில் போடவில்லை. தலையைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக் காதைக் கொடுத்தார். நானும் கொடுத்தேன். பட்டறைக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவும் என் மனைவியும்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியாக ஒரு இருமல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"ம். நின்னுருச்சு," என்று மச்சான் சொன்ன பிறகுதான் நாங்கள் எல்லோரும் சாப்பிடப் போனோம்.